குமரி மாவட்டக் கல்லூரி ஆய்வகத்தில் விண்கலப் போர்வைத் தாள் செய்யும் முறை

குமாரகோவிலில் இயங்கும் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தில் உருவான நியூசாட் என்னும் 15 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள், 2017 ஜூன் 23 அன்று பி.எஸ்.எல்.வி. சி-38 ஏவூர்தியில் விண்ணுக்குச் சென்றது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அதற்கும் கிழக்கே, குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இவ்வளவு அருகில் இருக்கும் ஒரு துறைக்குள் கால் வைக்க விரும்பும் மாணவர்கள், ராக்கெட் எஞ்சினையோ மின்கலத்தையோ தங்கள் கல்லூரியில் செய்து பார்க்க முடியாது. ஆனால் செயற்கைக்கோளைச் சுற்றிப் போர்த்தும், அலுமினியம் பூசிய பளபளப்பான பிளாஸ்டிக் தாளைச் செய்து பார்க்க முடியும். அதற்குத் தேவையான, வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கித் தாளில் படியவைக்கும் பூச்சு இயந்திரம், அதாவது பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி மணிச்சாடியும் அதிலிருந்து காற்றை வெளியேற்றும் ரோட்டரி பம்பும் டிஃப்யூஷன் பம்பும் கொண்ட இயந்திரம், இயற்பியல் முதுகலைப் படிப்பு நடத்தும் பல கல்லூரிகளில் மெல்லிய பூச்சு ஆய்வுக்காக வைக்கப்பட்டிருக்கும் ஒன்றுதான்.

இப்படிச் செய்த தாள் நேராக விண்ணுக்குப் போகும் தாள் ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பறக்கும் கலத்துக்கான தாள் தொழிற்சாலையில், ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள சுருளாக, குளிரூட்டிய உருளையின் மேல் ஓடவிட்டுப் பூசப்பட்டு, சோதனைச் சான்றுடன் வாங்கப்படுகிறது. கல்லூரியில் செய்யும் தாள், தரையில் வைத்துச் சோதிக்கும் மாதிரிக் கலத்துக்கும், வெப்பக் கணக்கைக் கையால் தொட்டு அறிவதற்கும் பயன்படும். எனினும் இரண்டிலும் இயற்பியல் ஒன்றே. நாகர்கோவில் கடைகளில் நேந்திரங்காய் சிப்ஸ் அடைத்து விற்கும் வெள்ளிநிற உறையின் உட்பக்கமும் இதே அலுமினியப் பூச்சுதான். அங்கே அது ஈரத்தையும் வெளிச்சத்தையும் தடுக்கிறது, இங்கே வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்கிறது.

எந்த முகம் வெளியே இருக்க வேண்டும்

தாளைச் செய்யத் தொடங்கும் முன் தீர்மானிக்க வேண்டியது இதுதான். பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். அப்போது தாள் தவறான பக்கத்தில் பூசப்பட்டு முடிந்திருக்கும்.

வெற்றிடத்தில் காற்று இல்லாததால், ஒரு பரப்பின் வெப்பநிலையை இரண்டு எண்கள் நிர்ணயிக்கின்றன. சூரிய ஒளியில் எத்தனை பங்கை அது உட்கவர்கிறது என்பது ஒன்று. தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக எவ்வளவு நன்றாக உமிழ்கிறது என்பது மற்றொன்று. புவிக்கு அருகில் சூரிய ஒளியின் செறிவு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1,361 வாட். ஒரு முகம் சூரியனை நேராகப் பார்த்து, மறுமுகம் முழுவதும் காப்பிடப்பட்ட ஒரு தாளை எடுத்துக்கொண்டால், உட்கவரும் வெப்பமும் உமிழும் வெப்பமும் சமமாகும் இடத்தில் அதன் வெப்பநிலை நிற்கும்.

புதிய அலுமினியப் பூச்சு சூரிய ஒளியில் சுமார் 10 விழுக்காட்டை மட்டுமே உட்கவர்கிறது. ஆனால் அதன் உமிழ்திறன் 0.03 அளவே. ஆகவே அலுமினிய முகத்தை வெளியே வைத்தால், உள்ளே வரும் சிறு வெப்பமும் வெளியேற வழியின்றித் தேங்கி, தாள் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். பளபளப்பான பொருள் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்புபவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அதே அலுமினியத்தை, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் வகையான பாலிஇமைடில் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள தாளின் பின்பக்கம் பூசி, தாளின் முகத்தை வெளியே வைத்தால் கணக்கு மாறுகிறது. பாலிஇமைடு நீல ஒளியை விழுங்கிவிடுவதால் உட்கவர்திறன் 0.38 அளவுக்கு உயர்கிறது; ஆனால் உமிழ்திறன் 0.62 ஆகிறது. முடிவில் நிற்கும் வெப்பநிலை சுமார் 75 டிகிரி. டெஃப்லான் வகையைச் சேர்ந்த எஃப்.இ.பி. தாளின் பின்பக்கம் வெள்ளி பூசினால், 127 மைக்ரான் தடிமனில் உட்கவர்திறன் 0.09, உமிழ்திறன் 0.78 என்ற அளவில் அமைந்து, முழு வெயிலிலும் தாள் உறைநிலைக்குக் கீழே, ஏறத்தாழ −44 டிகிரியில் நிற்கும். கலத்தின் வெப்பத்தை வெளியேற்றும் கதிர்வீசிப் பலகைகளில் இந்த வெள்ளித் தாளை ஒட்டுவது அதனால்தான்.

செயற்கைக்கோள் படங்களில் காணும் பொன்னிறமும் இங்கிருந்தே வருகிறது. அது பெரும்பாலும் தங்கம் அன்று. பாலிஇமைடின் தேன் நிறத்தினூடே பின்னால் இருக்கும் அலுமினியம் தெரிவதுதான்.

ஆகவே விதி இவ்வாறு அமைகிறது. போர்வையின் வெளித்தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் பூசி, அந்தப் பக்கத்தை உள்நோக்கி வைக்க வேண்டும். உள்ளே அடுக்கும் தாள்கள் ஒன்றையொன்று மட்டுமே பார்ப்பதால் அவற்றுக்குக் குறைந்த உமிழ்திறனே தேவை. அவற்றை இரு பக்கமும் பூச வேண்டும்.

தாளும் உலோகமும்

உள்ளடுக்குகளுக்கு 6 மைக்ரான் பாலியெஸ்டர் தாள் போதும். மைலார் என்னும் வணிகப் பெயரில் அது அறியப்படுகிறது. 1960இல் அமெரிக்கா ஏவிய எக்கோ-1 என்ற 30 மீட்டர் பலூன், 12.7 மைக்ரான் மைலாரில் அலுமினியம் பூசிச் செய்யப்பட்டது. பாலியெஸ்டர் 70 அல்லது 80 டிகிரியைத் தாண்டினால் தளரத் தொடங்கும் என்பதால், வெளித்தாளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. வெளித்தாளுக்கு ஏற்றது காப்டன் என்ற பெயரில் விற்கப்படும் பாலிஇமைடு. 25 மைக்ரான் தடிமன் கையாள்வதற்கு வசதியானது. ஜப்பானின் இக்காரோஸ் சூரியப் பாய்க்கலம் 2010இல் 7.5 மைக்ரான் பாலிஇமைடில் 80 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலுமினியம் பூசிய பாயோடு பறந்தது. ஆனால் அத்தனை மெல்லிய தாளைப் பழக்கமில்லாத கைகள் சுருக்கமின்றிச் சட்டத்தில் பொருத்துவது கடினம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஐந்தடுக்குச் சூரியக் கேடயத்திலும் பாலிஇமைடுதான். சூரியனைப் பார்க்கும் முதல் அடுக்கு 50 மைக்ரான், மற்றவை 25 மைக்ரான், மேலே 100 நானோமீட்டர் அலுமினியம்.

உலோகத்தில் அலுமினியத்தைத் தவிர வேறொன்றைத் தொடக்கத்தில் நாட வேண்டாம் என்பதே என் கருத்து. வெள்ளி இன்னும் நன்றாக எதிரொளிக்கும்; ஆனால் காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்துவிடும் என்பதால் அதன் மேல் இன்கோனல் என்ற நிக்கல் கலப்புலோகத்தால் ஒரு பாதுகாப்புப் பூச்சும் தர வேண்டியிருக்கிறது. தங்கத்தின் விலையைச் சொல்லவே வேண்டாம். அலுமினியமோ காற்றைத் தொட்டதும் சில நானோமீட்டர் தடிமனில் தனக்குத் தானே ஆக்சைடு போர்வை போர்த்திக்கொள்கிறது. மேலும், வெப்பத்தில் அது விரியும் அளவு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு. பாலிஇமைடு விரிவது 20 பங்கு. இவ்விரண்டும் நெருங்கியிருப்பதால், சுற்றுப்பாதையில் வெயிலும் நிழலும் மாறி மாறி வரும்போது பூச்சு வெடிப்பதில்லை.

பூச்சின் தடிமன் 100 நானோமீட்டர் இருக்கட்டும். இதைவிட மெலிதானால் அகச்சிவப்புக் கதிர் ஊடுருவத் தொடங்கி உமிழ்திறன் உயரும். இதைவிடத் தடித்தால் எதிரொளிப்பு கூடுவதில்லை, மடிக்கும்போது வெடிப்பு மட்டுமே கூடும்.

ஈரமும் உப்பும்

குமரி மாவட்டத்தில் இந்த வேலையின் உண்மையான பகை ஈரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை பெரும்பாலான நாட்களில் காற்று நனைந்தே இருக்கும். இது பாலிஇமைடை எவ்வாறு பாதிக்கிறது என்பதை எண்களால் பார்ப்பது நல்லது. பாலிஇமைடு தன் எடையில் 2 விழுக்காட்டுக்கும் மேல் நீரை உறிஞ்சக் கூடியது. 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள 25 மைக்ரான் தாளின் எடை சுமார் 2.1 கிராம், அதில் 2 விழுக்காடு நீர் என்றால் 43 மில்லிகிராம். கண்ணுக்கு ஒரு துளி. ஆனால் 10⁻⁵ டார் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தம் 760 டார்) அந்த ஒரு துளி, 4,000 கன மீட்டருக்கும் அதிகமான நீராவியாக விரிகிறது. நொடிக்கு 1,000 லிட்டர் இழுக்கும் டிஃப்யூஷன் பம்புக்கு, அதை மட்டும் வெளியேற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழை நாளில் வெற்றிடம் ஏறவில்லை என்று ரப்பர் வளையத்தையும் வால்வையும் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பு, உள்ளே வைத்த தாளைச் சந்தேகிக்க வேண்டும்.

நேரம் வீணாவதோடு இது நிற்பதில்லை. வெற்றிடச் சாடியில் எஞ்சியிருக்கும் வாயுவில் பெரும்பங்கு நீராவிதான். 10⁻⁶ டார் அழுத்தத்தில்கூட, ஒரு பரப்பை ஓர் அணுப்படுகை மூடும் அளவுக்கு வாயு மூலக்கூறுகள் ஒரு நொடியில் வந்து மோதுகின்றன. 10⁻⁵ டாரில் இது பத்து மடங்கு. தாளில் படியும் அலுமினிய அணுக்களோடு இந்த நீராவியும் சேர்ந்து படிந்தால், கிடைப்பது உலோகமும் ஆக்சைடும் கலந்த சாம்பல்நிறப் பூச்சு. அது எதிரொளிக்காது, ஒட்டவும் செய்யாது.

எனவே தாளை உலர்த்துவதைப் பூச்சு வேலையின் முதல் படியாகவே கருத வேண்டும். பாலிஇமைடை 120 முதல் 150 டிகிரி வரையுள்ள சுத்தமான அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து, சூடு ஆறுவதற்குள் சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்கலத்துக்கு மாற்ற வேண்டும். பாலியெஸ்டர் குறைவாகவே நீர் உறிஞ்சும். அதை 50 அல்லது 60 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியதில்லை, சூடாக்கவும் கூடாது. உலர்கலத்திலிருந்து எடுத்த தாளைச் சாடிக்குள் பொருத்தி மூடும் வரை ஆகும் நேரத்தைக் குறைக்க, மற்ற எல்லா ஏற்பாடுகளையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். ஈரக் காற்றில் திறந்து கிடக்கும் மெல்லிய தாள், விட்ட நீரைச் சிறிது நேரத்திலேயே மீட்டுக்கொள்ளும். பிறகு சாடிக்குள் இரவு முழுவதும் பம்பு ஓடினால் நல்லது. அறையில் குளிரூட்டி ஓடி, ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட வாரங்களில் பூச்சு வேலையை வைத்துக்கொண்டு, மழைக்காலத்தை அளவீட்டுக்கும் கணக்குக்கும் ஒதுக்கலாம்.

உப்பு மற்றொன்று. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் மட்டுமல்லாமல், உள்ளே தள்ளியிருக்கும் இடங்களிலும் கடற்காற்று உப்புத் துகளைச் சுமந்து வருகிறது. குளோரைடு, அலுமினியத்தின் ஆக்சைடு போர்வையைத் துளைத்து, அடியில் இருக்கும் உலோகத்தை அரிக்கும். தடித்த பாத்திரத்தில் இது ஒரு புள்ளி. 100 நானோமீட்டர் பூச்சிலோ அந்த இடத்தில் உலோகமே மிஞ்சாது, தாள் ஒளி ஊடுருவும்படி வெறுமையாகத் தெரியும். விரல் வியர்வையிலும் இதே உப்பு இருப்பதால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை நைட்ரைல் கையுறை கட்டாயம். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் வேகமாகச் சுழலும் மாதங்களில் தூசும் கூடும். அப்போது சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வதில் பயனில்லை.

பொருத்துதலும் சுத்தமும்

தொழிற்சாலைச் சுருளிலிருந்து புதிதாக வெட்டிய தாள் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதைத் துடைத்தால் நிலைமின்னேற்றம் பிறந்து, சுற்றியுள்ள தூசெல்லாம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கறை தெரிந்தால் மட்டும், நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து ஒரே திசையில் ஒரு முறை இழுத்துத் துடைக்கலாம். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது.

சாடிக்குள் ஆவி மூலத்துக்கும், அதாவது அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் டங்ஸ்டன் கம்பிச் சுருளுக்கும், தாளுக்கும் இடையே 20 செ.மீ. இருக்கட்டும். தாளைத் தட்டையாக வைத்தால், நடுவிலிருந்து 8 செ.மீ. தள்ளியுள்ள இடத்தில் பூச்சின் தடிமன் நடுவில் இருப்பதில் 80 விழுக்காடுதான் இருக்கும். தூரமும் கூடி, ஆவி சாய்ந்தும் விழுவதே காரணம். இதைத் தவிர்க்க எளிய வழி, ஆவி மூலத்தை மையமாகவும் 20 செ.மீ.யை ஆரமாகவும் கொண்ட வில்வடிவச் சட்டம் ஒன்றை அலுமினியப் பட்டையில் வளைத்து, தாளை அதன் உட்புறம் பொருத்துவது. அப்போது வளைவின் திசையில் எல்லா இடமும் மூலத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். தாளின் ஓரங்களை மட்டும் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் பூச வேண்டிய தாளின் முதல் பக்கம் எதன் மேலும் உராயாமல் இருப்பதற்கு இதுவே வழி. ஒட்டுநாடாவைச் சாடிக்குள் பயன்படுத்த வேண்டாம், அதன் பசை வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

அழுத்தம் 10⁻¹ முதல் 10⁻² டார் வரை இறங்கிய நிலையில், உயர் மின்னழுத்த மின்முனையைக் கொண்டு ஐந்து முதல் பத்து நிமிடம் ஒளிர்மின்னிறக்கம் நடத்த வேண்டும். ஊதா வெளிச்சத்தோடு எரியும் அந்த அயனி வாயு, தாளின் மேல் எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் படிவை அகற்றி, பாலிமரின் மேற்பரப்பில் உலோகம் பற்றிக்கொள்ளத் தக்க வேதிப் பிடிகளை உண்டாக்குகிறது. பூச்சு ஒட்டாமல் உரிந்து வருவதற்கு இந்தப் படியைச் சுருக்கிக்கொண்டதும் ஒரு முக்கியக் காரணமாக இருக்கும். டிஃப்யூஷன் பம்பின் எண்ணெய் ஆவி பின்னோக்கி வந்து தாளில் படிவது மற்றொரு காரணம். அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் திரவ நைட்ரஜன் பொறி இருந்தால் அதை நிரப்பாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். மின்னிறக்கம் முடிந்ததும், சாடியைத் திறக்காமல் தொடர்ந்து அழுத்தத்தை இறக்க வேண்டும். இந்த மின்முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருப்பதால், எந்தக் காரணத்துக்காகச் சாடியைத் திறந்தாலும் முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, காப்பிட்ட கைப்பிடியுள்ள கம்பியால் மின்முனையைப் புவியிணைப்போடு தொடவைத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். கண்ணாடிச் சாடிக்கு மேல் கம்பிவலைக் கூண்டு இல்லாமல் பம்பை ஓட்டக் கூடாது.

அலுமினியத்தை ஆவியாக்குதல்

எவ்வளவு அலுமினியம் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். மூலத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் ஆவி சமமாகப் பரவுகிறது என்று கொண்டால், 20 செ.மீ. ஆரமுள்ள ஒரு கோளத்தின் உட்புறம் முழுவதையும் 100 நானோமீட்டர் தடிமனில் பூசுவதற்கு எவ்வளவு உலோகம் தேவையோ அவ்வளவு வைக்க வேண்டும். கோளத்தின் பரப்பு, தடிமன், அலுமினியத்தின் அடர்த்தியான கன செ.மீ.க்கு 2.7 கிராம் ஆகியவற்றைப் பெருக்கினால் 136 மில்லிகிராம் வரும். சுருளில் ஒட்டி மிஞ்சுவதையும் சேர்த்து 160 அல்லது 170 மில்லிகிராம் எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். குவார்ட்ஸ் படிகத் தடிமன் அளவி இருந்தால் அதில் அடர்த்தியை 2.70 என்று அமைத்துவிட்டு, எடையைக் கொண்டு கணக்கை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

99.99 விழுக்காடு தூய்மையுள்ள அலுமினியக் கம்பியைச் சிறு துண்டுகளாக வெட்டி, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் சில நொடிகள் நனைத்து ஆக்சைடை நீக்கி, காய்ச்சி வடித்த நீரிலும் ஆல்கஹாலிலும் அலசி உலர்த்த வேண்டும். முறுக்கிய பல இழை டங்ஸ்டன் கம்பியால் ஆன சுருளை, அலுமினியம் இல்லாமல் ஒரு முறை வெற்றிடத்தில் வெண்சூடாக்கி அதன் அழுக்கை எரித்துவிட்டு, பின்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டைக் கொக்கிபோல் வளைத்துத் தொங்கவிட வேண்டும். உருகிய அலுமினியம் டங்ஸ்டனை நனைத்துப் பரவும், கூடவே அதை மெல்லக் கரைக்கவும் செய்யும். ஆகவே ஒரு சுருளை ஓரிரு பூச்சுகளுக்கு மேல் நம்ப வேண்டாம்.

அழுத்தம் 10⁻⁵ டாருக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சூடேற்ற வேண்டும். அந்த அழுத்தத்தில் ஓர் அணு வேறொரு மூலக்கூறோடு மோதாமல் சில மீட்டர் பயணம் செய்யும் என்பதால், 20 செ.மீ. தூரம் அதற்குப் பொருட்டல்ல. மூடியான ஷட்டர், மூலத்துக்கும் தாளுக்கும் நடுவே மூடியே இருக்கட்டும். மின்னோட்டத்தை மெதுவாக உயர்த்தினால் 660 டிகிரியில் அலுமினியம் உருகி, துண்டுகள் சுருளைச் சுற்றிப் பரவுவது தெரியும். இந்த இடத்தில் சற்றே நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் துளிகள் கீழே சொட்டிவிடும். உலோகம் நன்றாக நனைந்து பரவியதும் மின்னோட்டத்தை விரைவாக உயர்த்தி, 1,200 டிகிரிக்கு மேல் கொண்டு சென்று, முதலில் கிளம்பும் அசுத்த ஆவி ஷட்டரில் படியும்படி ஓரிரு நொடி விட்டு, ஷட்டரைத் திறக்க வேண்டும்.

இதன் பிறகு வேகமே தரம். நொடிக்கு 5 முதல் 10 நானோமீட்டர் வரை படிந்தால், 10 முதல் 20 நொடிக்குள் வேலை முடிந்துவிடும். வேகமாகப் படியும்போது, ஒவ்வோர் அலுமினியப் படுகையும் நீராவி வந்து சேர்வதற்குள் அடுத்த படுகையால் மூடப்படுகிறது. மெதுவாகச் செய்தால் பூச்சு நேர்த்தியாக வரும் என்ற எண்ணம் மற்றப் பல கைவேலைகளுக்குப் பொருந்தலாம், அலுமினியத்துக்குப் பொருந்தாது. வெண்சூட்டுச் சுருளின் கதிர்வீச்சு தாளைச் சூடாக்கிக்கொண்டிருப்பதும் விரைவுக்கு இன்னொரு காரணம். 6 மைக்ரான் பாலியெஸ்டர் அரை நிமிடத்துக்கு மேல் அந்தச் சூட்டைத் தாங்கிச் சுருங்காமல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உலோகம் தீர்வதற்குச் சற்று முன்பே ஷட்டரை மூடிவிட வேண்டும்.

கால் மணி நேரம் ஆறவிட்டு, அறைக் காற்றுக்குப் பதிலாக உலர்ந்த நைட்ரஜனை மெல்ல உள்ளே விட்டுச் சாடியைத் திறக்க வேண்டும். மழை நாளில் அறைக் காற்றை உள்ளே விட்டால், சாடியின் சுவரெல்லாம் ஈரத்தை ஏற்றிக்கொண்டு அடுத்த பூச்சைக் கெடுக்கும்.

சோதனை

இருட்டறையில் தாளுக்குப் பின்னால் ஒரு பிரகாசமான விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். 100 நானோமீட்டர் பூச்சின் வழியாக விளக்கு தெரியவே கூடாது. விளக்கின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் தடிமன் 30 அல்லது 40 நானோமீட்டரோடு நின்றுவிட்டது என்று பொருள். விண்மீன்களைப் போல் அங்கங்கே ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அவை தூசு விட்டுச் சென்ற ஊசித்துளைகள். இந்தச் சோதனைக்குச் சூரியனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஊசித்துளையை அழகுக் குறையாக மட்டும் நினைத்து விட்டுவிடவும் கூடாது. தாழ்ந்த புவிச் சுற்றுப்பாதையில் அணுநிலை ஆக்சிஜன், கலத்தின் வேகத்தால் ஏறத்தாழ 5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு மோதுகிறது. வெளிநோக்கிய பூச்சில் ஒரு துளை கிடைத்தால் அது உள்ளே புகுந்து, உலோகத்தின் அடியில் இருக்கும் பாலிமரைக் குகைபோல் அரித்துவிடும். 1984 முதல் 1990 வரை சுற்றுப்பாதையில் இருந்து திரும்பிய, நாசாவின் எல்.டி.இ.எஃப். ஆய்வுக் கலத்தின் அலுமினியம் பூசிய பாலிஇமைடு தாள்களில் இத்தகைய அரிப்பு காணப்பட்டது.

தடிமனை மின்தடையால் அறிவது மலிவான, நம்பத் தகுந்த முறை. 10 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள பட்டையை வெட்டி, இரு முனைகளிலும் செம்புத் தகட்டால் அழுத்திப் பிடித்து மல்டிமீட்டரால் அளந்து, மீட்டர் கம்பிகளின் தடையைக் கழிக்க வேண்டும். திண்ம அலுமினியத்தின் தடைமையைக் கொண்டு கணக்கிட்டால் 100 நானோமீட்டர் பட்டைக்கு 2.7 ஓம் வர வேண்டும். மெல்லிய பூச்சில் தடை எப்போதும் கூடுதலாகவே இருக்கும் என்பதால் 4 முதல் 8 ஓம் வரை ஏற்கலாம். விளக்குச் சோதனையில் தேறிய தாள் இதில் பல பத்து ஓம் காட்டினால், பூச்சு தடித்திருந்தும் ஆக்சைடு கலந்திருக்கிறது. உலர்த்தலுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்.

ஒட்டுதலுக்கு, நல்ல செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பார்க்கலாம். டேப்பில் வெள்ளிநிறம் வரக் கூடாது. அதே பட்டையைத் திரவ நைட்ரஜனில் நனைத்து, −196 டிகிரியிலிருந்து உலர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, சில முறை திரும்பச் செய்த பின்னும் டேப் சோதனையில் தேற வேண்டும். தாழ்ந்த பாதையில் உள்ள கலம் நாளொன்றுக்குச் சுமார் 16 முறை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறுகிறது என்பதை நினைவில் வைத்தால், இந்தச் சோதனை கடுமையானதாகத் தோன்றாது.

உமிழ்திறனை அளக்கும் கருவி இல்லாத ஆய்வகத்தில், 80 டிகிரிக்குச் சூடாக்கிய தட்டின் மேல் தாளைப் படியவைத்து அகச்சிவப்பு வெப்பமானியால் இரு முகங்களையும் பார்க்கலாம். பாலிஇமைடு முகம் மேலே இருக்கும்போது மானி கணிசமான சூட்டைக் காட்டும். உலோக முகம் மேலே இருக்கும்போது, தாள் அதே சூட்டில் இருந்தாலும், மானி அறை வெப்பநிலைக்கு அருகில் காட்டும். உலோகம் உமிழாமல் அறையின் கதிரை எதிரொளிப்பதையே அது அளக்கிறது. இது துல்லியமான எண்ணைத் தராது, ஆனால் எந்த முகம் வெளியே என்ற பகுதியில் சொன்னதை மாணவர்கள் கண்ணால் காண வைக்கும்.

பறக்கும் கலத்தோடு தொடர்புள்ள எந்தப் பொருளுக்கும் வாயு வெளியேற்றச் சோதனை தேவை. அதை வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பியே செய்ய வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த இ-595 என்ற நெறிப்படி, வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்த பிறகு எடை இழப்பு ஒரு விழுக்காட்டுக்குள்ளும், 25 டிகிரியில் உள்ள தகட்டில் படியும் ஆவி 0.1 விழுக்காட்டுக்குள்ளும் இருப்பது வழக்கமான வரம்பு. கேமராவின் வில்லையில் இந்த ஆவி படிந்தால் அதைத் துடைக்க அங்கே ஆள் இல்லை.

போர்வையாக அடுக்குதல்

ஒற்றைத் தாள் எவ்வளவு பளபளத்தாலும் போர்வை ஆகாது. இரு பக்கமும் பூசிய 6 மைக்ரான் தாள்கள் பத்து முதல் இருபது வரை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே பாலியெஸ்டர் வலைத்துணியை வைத்து, வெளியே பாலிஇமைடு தாளைப் போர்த்த வேண்டும். வலைத்துணியின் வேலை தாள்கள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது. தொட்ட இடத்தில் வெப்பம் கடத்தலால் ஓடிவிடும். அதனால் போர்வையை இறுக்கித் தைக்கக் கூடாது. ஓரங்களில் மட்டும், இடைவெளி விட்டு, தளர்வாகத் தைக்க வேண்டும். எல்லா உள்தாள்களிலும் சிறு துளைகளைச் சீராக இட வேண்டும். ஏவூர்தி எழும் சில நிமிடங்களில் வெளியழுத்தம் வெற்றிடத்துக்கு இறங்கும்போது, அடுக்குகளுக்கு இடையே சிக்கிய காற்று வெளியேற வழி இல்லையென்றால் போர்வை உப்பிக் கிழியும்.

முடித்த தாள்களைச் சுருட்டாமல், பூச்சில்லாத சுத்தமான பாலியெஸ்டர் தாளை இடையில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வெப்பத்தால் ஒட்டி மூடிய உறையில் சேமிக்க வேண்டும். சிலிக்கா ஜெல்லின் நீலம் இளஞ்சிவப்பாக மாறியதும் பொட்டலத்தை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் இதை வாரந்தோறும் பார்ப்பது நல்லது.

கடைசியாகப் புவியிணைப்பு. விண்வெளியில் எலக்ட்ரான்கள் தாள்களில் தேங்கினால் அடுக்குகளுக்கு இடையே பொறி பறந்து மின்னணுக் கருவிகளைக் குழப்பும். மெல்லிய அலுமினியத் தகட்டுப் பட்டையை விசிறிபோல் மடித்து, ஒவ்வொரு மடிப்பும் ஒரு தாளின் உலோக முகத்தைத் தொடும்படி போர்வையின் ஓரத்தில் செருகி, அனைத்தையும் ஊடுருவும் ரிவெட் ஒன்றால் இறுக்கி, அதிலிருந்து ஒரு கம்பியைக் கலத்தின் உடலோடு இணைக்க வேண்டும். போர்வைக்கு இப்படி இரண்டு இடங்களில் செய்தால், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். ரிவெட்டுக்கும் ஒவ்வொரு தாளின் எதிர் ஓரத்துக்கும் இடையே மின்தடையை அளந்து, எண்ணை அந்தந்தத் தாளின் பெயரோடு குறிப்பேட்டில் எழுதிவைத்த பிறகே ஓரத்தை மூடித் தைக்க வேண்டும்.